இரண்டாம் சறுக்கல்

பந்தயம் முடிந்த மாலையில், ஓட்டத்தடத்தின் வளைவொன்றில் நின்று தரையைப் பார்க்க வாய்த்தால் கருங்கோடுகள் பல கண்ணிற்படும். டயர்கள் தேய்ந்து எழுதிச் சென்ற கோடுகள் அவை. அவற்றுள் ஒரு வகை தனியே நோக்கத் தக்கது. வளைவின் வெளிப்புறம் நோக்கித் தடித்துத் தொடங்கும். சற்றுத் தொலைவில் மெலிந்து மறையும். பின்னர் எதிர்ப்பக்கம் நோக்கி முன்னினும் தடித்துக் கிளம்பித் தடத்தை விட்டே வெளியேறிவிடும்.

முதற்கோடு சறுக்கல். இரண்டாம் கோடு, அச்சறுக்கலைத் திருத்தப் போனதன் விளைவு. இரண்டுக்கும் நடுவே கோடு மறைந்து கிடக்கும் சில முழ நீளத்தில், ஓட்டுநர் தாம் தப்பிவிட்டதாகவே எண்ணியிருப்பார். வண்டியைக் கவிழ்ப்பதும் சுவரில் மோத விடுவதும் பெரும்பாலும் முதற்சறுக்கல் அன்று. மீட்பின் வயிற்றிலிருந்து பிறக்கும் இரண்டாம் சறுக்கலே. அது பிறக்கும் வகையை அறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொறி இடம் மாறிய கதை

கொங்குநாட்டாருக்கு வண்டிகள்மேல் உள்ள பற்று பழையது. 1920ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே பேருந்து ஓட்டித் தொழில் தொடங்கினார். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் லாரித் தொழிலால் நாடெங்கும் பெயர் பெற்றன. அந்தப் பற்றைப் பந்தயக் கலையாக வளர்த்தவருள் முதன்மையானவர் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன். 1980களின் இறுதியில் அவர் உருவாக்கிய ‘பார்முலா மாருதி’ என்னும் ஒற்றையிருக்கைப் பந்தய வண்டி, குறைந்த செலவில் இந்திய இளைஞர்களைப் பந்தயத் தடத்திற்கு அழைத்து வந்தது. 1995இல் வானூர்தி நேர்ச்சியில் அவர் மறைந்தார். அவர் நினைவைத் தாங்கிய ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ 2003 முதல் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் இயங்கி வருகிறது. நீளம் ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர். கோவை நிறுவனமான எல்ஜிபியின் பெயர் தாங்கிய ஒற்றையிருக்கை வண்டிகள் அங்கே ஆண்டுதோறும் ஓடுகின்றன.

பார்முலா மாருதியின் அமைப்பில் அறிவியல் நோக்குடையோர் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதற்கு உயிர் கொடுத்தது, 1983இல் விற்பனைக்கு வந்த மாருதி 800 என்னும் குடும்ப மகிழுந்தின் பொறியே. குடும்ப வண்டியில் அப்பொறி முன்னே அமர்ந்து முன்சக்கரங்களைச் சுழற்றியது. பந்தய வண்டியிலோ ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே அமர்ந்து பின்சக்கரங்களைச் சுழற்றியது. பொறி ஒன்றே, இடம் மாறியது, வண்டியின் குணமும் மாறிற்று. கோவையின் நரேன் கார்த்திகேயன் திருப்பெரும்புதூரில் தம் முதற்பந்தயத்தை ஓட்டிப் பரிசு மேடை ஏறியது இந்த பார்முலா மாருதியில்தான். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, பார்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் என்னும் பெயரை அவர் பெற்றார். அந்தப் பார்முலா 1 வண்டிகளும் பின்சக்கரத்தால் இயங்குவனவே.

பின்சக்கர இயக்கம் பந்தயத்திற்குரிய தனிச்சொத்து என எண்ண வேண்டா. அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் பின்சக்கர வண்டிகளே. பேருந்தும் லாரியும் இன்றும் அவ்வாறே. ஆயினும் ஆற்றல் மிகுந்து, எடை குறைந்து, கணப்பொழுதில் திரும்பவல்ல விளையாட்டு மகிழுந்தில் அந்த இயக்கம் சேரும்போது, ஓட்டுநரின் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் நேரம் மிகவும் சுருங்கிவிடுகிறது.

டயரின் பிடிப்பு

வண்டிக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு முழுவதும் நான்கு சிறு பரப்புகளில் அடங்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ உள்ளங்கை அளவே. விரைவதும் நிற்பதும் வளைவதும் அந்நான்கு பரப்புகளில் எழும் உராய்வினால்தான்.

60 மீட்டர் ஆரமுள்ள வளைவொன்றை மணிக்கு 72 கிலோமீட்டர் விரைவில் கடப்பதாகக் கொள்வோம். நொடிக்கு 20 மீட்டர். வளைவின் உட்புறம் நோக்கி வண்டிக்குத் தேவைப்படும் முடுக்கம், விரைவின் இருமடியை ஆரத்தால் வகுக்கக் கிடைக்கும் 6.7 மீட்டர்/நொடி². இது புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு. உலர்ந்த சாலையில் நல்ல டயர் இதைத் தாங்கும். விரைவை 80 கிலோமீட்டராக உயர்த்தினால் தேவை 8.2 ஆகிறது. விரைவு 11 விழுக்காடு ஏற, தேவை 23 விழுக்காடு ஏறிவிடுகிறது. மழை நனைத்த சாலையில் டயர் தரவல்லது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.55 பங்கு என்றால், அதே வளைவில் மணிக்கு 65 கிலோமீட்டரே எல்லை.

வளையும்போது டயர் தான் நோக்கும் திசையிலேயே உருள்வதில்லை. அதன் ரப்பர் சற்றே முறுக்கி, நோக்கும் திசைக்கும் செல்லும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணத்தை விட்டுக்கொடுக்கிறது. அதனை நழுவு கோணம் எனலாம். கோணம் பெருகப் பெருகப் பக்கவாட்டுப் பிடிப்பும் பெருகும். பொதுவான சாலை டயர்களில் 6 பாகை முதல் 10 பாகைக்குள் அது உச்சத்தை எட்டும். அதன்பின் கோணம் பெருகினும் பிடிப்பு பெருகாது. சிறிது சிறிதாகக் குறையும். உச்சத்திற்கு இப்பால் டயர் ஓட்டுநரின் சொல் கேட்கிறது. அப்பால் போனபின் கேட்பதில்லை.

முன்டயர்கள் முதலில் உச்சத்தைத் தாண்டினால், திருப்பியும் திரும்பாமல் வண்டி நேரே வெளிநோக்கிச் செல்லும். பின்டயர்கள் முதலில் தாண்டினால் வண்டியின் பின்பகுதி வெளியே வீசும். பந்தயத்தார் ‘ஓவர்ஸ்டீயர்’ எனக் கூறும் இந்நிலையை நாம் வால்வீச்சு என்போம்.

ஒரு பிடிப்பு, இரு வேலை

பின்சக்கரம் பின்னாலிருந்து தள்ளுவதால் வண்டி சுழல்கிறது என்பது பலரும் கூறும் விளக்கம். அது முழு உண்மை அன்று. இரு பின்சக்கரங்களும் சமமாகத் தள்ளும் விசை, வண்டியின் நீளவாக்கில், அதன் நிறை மையத்தை ஊடுருவியே செல்கிறது. மையத்தை ஊடுருவும் விசை எப்பொருளையும் சுழற்றாது. ஆகவே தள்ளுதல் நேரடிக் குற்றவாளி அன்று.

உண்மையான ஏது, பின்டயர்கள் ஒரே பிடிப்பைக் கொண்டு இரு வேலை செய்ய வேண்டியிருத்தலே. வண்டியை முன்செலுத்துவது ஒன்று; வளைவில் பின்பகுதியைப் பக்கவாட்டில் தாங்கி நிற்பது மற்றொன்று. செருமனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பணியாற்றிய பொறியாளர் வுனிபால்ட் காம் பெயரால் வழங்கும் உராய்வு வட்டம் இதனைத் தெளிவாக்கும். டயரின் முழுப் பிடிப்பை ஒரு வட்டத்தின் ஆரமாகக் கொள்க. நீளவாக்கு விசையும் பக்கவாட்டு விசையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். அவற்றின் கூட்டு வட்டத்தை மீற இயலாது.

முழுப் பிடிப்பு 1 என்றால், பக்கவாட்டில் 0.8 செலவழிந்தபின் முன்செலுத்த எஞ்சுவது 0.6. பக்கவாட்டில் 0.95 செலவழிந்தால் எஞ்சுவது ஏறத்தாழ 0.31 மட்டுமே. அந்நிலையில் வலக்கால் முடுக்குமிதியைச் சிறிது கூடுதலாக அழுத்தினாலும் கணக்கு வட்டத்தை மீறும். மீறிய கணமே பின்சக்கரங்கள் வெறுமனே சுழலத் தொடங்கும். பக்கவாட்டுத் தாங்கல் சரிந்துவிடும். முன்டயர்களோ வளைவின் உட்புறம் நோக்கி இன்னும் இழுத்துக்கொண்டிருக்கும். முன்னே பிடி இருக்க, பின்னே பிடி அற்றதால் வண்டி சுழல்கிறது.

முன்சக்கர வண்டியில் இதே பிழை வேறு வகையில் முடியும். மிகையாக முடுக்கினால் பிடிப்பை இழப்பது முன்டயர். வண்டி வளைய மறுத்து வெளிநோக்கி நகரும். ஓட்டுநர் அச்சத்தால் காலை எடுப்பார். விரைவு குறையும், முன்டயர் மீளும், வண்டி வளையும். அச்சமே அங்கு மருந்தாகிவிடுகிறது. மாருதி 800இல் பழகிய தலைமுறை முதல் இன்றைய சிறு மகிழுந்துகளில் பழகியோர் வரை, நம் ஓட்டுநர் பலரின் கால் இந்தப் பாடத்தையே படித்திருக்கிறது. அந்தக் காலோடு அவர்கள் பின்சக்கர விளையாட்டு மகிழுந்தில் ஏறி அமர்கின்றனர்.

முதற்பிழை: காலை எடுத்தல்

1,400 கிலோ எடையுள்ள விளையாட்டு மகிழுந்து ஒன்று. முன் அச்சில் 700, பின் அச்சில் 700 கிலோ. நிறை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம். சக்கர அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர். வளைவின் நடுவே ஓட்டுநர் திடுமெனக் காலை எடுத்து, தடைமிதியையும் சிறிது தொட்டுவிடுகிறார். வண்டி புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.3 பங்கு அளவில் விரைவு குறைகிறது. அப்போது எடை முன்னோக்கிச் சாய்கிறது. 1,400 × 0.3 × 0.5 ÷ 2.5 எனக் கணக்கிட்டால் 84 கிலோ. பின் அச்சின் சுமை 616 ஆகக் குறைய, முன் அச்சின் சுமை 784 ஆக உயர்கிறது.

டயரின் பிடிப்பு அதன் மேலுள்ள சுமையைச் சார்ந்தது. ஆகவே தாங்கல் மிகத் தேவைப்படும் பின்பகுதி பிடிப்பை இழக்கும் அதே நொடியில், சுழற்றும் முன்பகுதி கூடுதல் பிடிப்புப் பெறுகிறது. அதனோடு, முடுக்கம் நின்ற பொறி தடையாக மாறிப் பின்சக்கரங்களையே பின்னிழுக்கிறது. உராய்வு வட்டத்தில் அதற்கும் ஒரு பங்கு செலவாகிறது. சுமையின்றித் திரும்பும் லாரியின் பின்பகுதி மழையில் எளிதாக நழுவுவதைச் சங்ககிரி ஓட்டுநருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலை எடுத்த விளையாட்டு மகிழுந்தும் அந்நொடியில் பின்சுமை இழந்த லாரியே.

மலைச்சாலையின் இறக்கத்தில் இது மேலும் கடுமையாகும். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27, கொல்லிமலைக்கு 70. இவற்றில் இறங்கும் வண்டியின் எடை, சரிவினாலேயே எப்போதும் சிறிது முன்சாய்ந்தே இருக்கும். அதன்மேல் தடைமிதியும் சேர்ந்தால் பின்டயர்களின் நிலை சொல்ல வேண்டா.

இரண்டாம் பிழை: காலம் தாழ்த்தல்

வால்வீச்சு தொடங்கியபின் செய்யவேண்டுவது யாது? ஓட்டுநர்கள் ஸ்டீயரிங் என வழங்கும் திசைமாற்றியை, வால் வீசும் பக்கமே திருப்ப வேண்டும். முன்சக்கரங்கள் வண்டி செல்லும் திசையை நோக்கினால் அவற்றின் சுழற்று விசை தணியும். இதை எதிர்த்திருப்பம் எனலாம். நூல்களும் பயிற்றுநரும் கூறுவது இதுவே. கூறுவது சரி; கூறாமல் விடுவதில்தான் இடர் உள்ளது.

வால் நொடிக்கு 40 பாகை விரைவில் வீசுவதாகக் கொள்வோம். உடல் உணர்ந்து, மூளை முடிவு செய்து, கை திரும்ப அரை நொடி ஆயிற்று. அதற்குள் வண்டி 20 பாகை திரும்பிவிட்டது. முன்சொன்ன நொடிக்கு 20 மீட்டர் விரைவில், சாலையில் 10 மீட்டர் கடந்தும் விட்டது. தேர்ந்த ஓட்டுநரின் இருக்கையும் இடுப்பும் கண்ணுக்கு முன்னரே செய்தி சொல்லும். பழகாதவரோ முகப்புக் கண்ணாடிக்கு வெளியே சாலை பக்கவாட்டில் நகர்வதைக் கண்டபின்பே விழித்தெழுவார்.

காலம் தாழ்ந்த கை, அளவிலும் மிகும். 15க்கு 1 என்னும் விகிதமுடைய திசைமாற்றியில் முன்சக்கரத்தை 20 பாகை திருப்பச் சுழற்றும் வளையத்தை 300 பாகை சுற்ற வேண்டும். ஏறத்தாழ முழுச்சுற்று. கைகள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொள்ளும் நிலை அது. இந்நிலையில்தான் மூன்றாம் பிழை காத்திருக்கிறது.

மூன்றாம் பிழை: திரும்பப் பெறாமை

ஆடி நோன்பிக்குக் கொங்குநாட்டுச் சிற்றூர்களில் மரக்கிளைகளில் தூரி கட்டுவர். ஊஞ்சலுக்கு அம்மக்கள் வழங்கும் பெயர் அது. தூரி மிக உயரத்தில் இருக்கும்போது ஒரு கணம் நிற்கிறது. கீழே, நேர் நடுவில், ஓய்ந்து தொங்கும்போது எங்கு இருக்குமோ அதே இடத்தைக் கடக்கும்போதுதான் அதன் விரைவு மிகுதி. பார்ப்பவருக்கு நடு என்பது ஓய்விடம். தூரிக்கோ அது பெருவிரைவின் இடம்.

வால்வீச்சும் அவ்வாறே. இடப்புறம் வளையும் சாலையில் வண்டியின் வால் வலப்புறம் வீசிற்று என்போம். ஓட்டுநர் திசைமாற்றியை வலப்புறம் திருப்புகிறார். பின்டயரின் நழுவு கோணம் 20 பாகையிலிருந்து குறையத் தொடங்குகிறது. 10 பாகையை நெருங்கும்போது டயர் தன் உச்சப் பிடிப்புக்குள் மீண்டும் நுழைகிறது. இதுவரை வழுக்கிக்கொண்டிருந்த பின்பகுதியைப் பேராற்றலோடு நிலம் பற்றிக்கொள்கிறது. வண்டி தன் பழைய நேர்நிலைக்குப் பாய்கிறது. முகப்பு சாலையை நேராக நோக்கும் அந்த நொடி ஓட்டுநரின் கண்ணுக்கு மீட்பு. இயற்பியலுக்கோ தூரியின் அடிப்புள்ளி. எதிர்ப்பக்கம் சுழலும் விரைவு அப்போதே உச்சத்தில் உள்ளது. திசைமாற்றியோ இன்னும் வலப்புறமே திரும்பிக் கிடக்கிறது.

இனி நிகழ்வதில் வியப்பில்லை. பிடிப்பு மீண்ட பின்சக்கரங்களும் வலப்புறம் நோக்கும் முன்சக்கரங்களும் கூடி வண்டியை வலப்புறம் எறிகின்றன. முதற்சறுக்கலில் உடல் வலப்புறம் சாய்ந்ததால் அழுத்தப்பட்ட வில்சுருள்கள், தம்முள் தேக்கிய ஆற்றலை விடுவித்து உடலை மறுபுறம் உருட்டுகின்றன. மூன்றும் அந்த ஒரே வீச்சுக்குத் துணையாகின்றன. அதனால்தான் இரண்டாம் சறுக்கல் முதலாவதினும் விரைவானது. இடப்பக்கம் செல்லும் நம் நாட்டுச் சாலையொழுங்கில், இடவளைவில் நிகழும் இந்த எறிதல் வண்டியை எதிரே வருவோரின் பாதையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

முடுக்கத்தால் எழுந்த சறுக்கலில் இந்நிகழ்ச்சியை மேலும் கொடிதாக்குவது கால். பின்சக்கரங்கள் வெறுஞ்சுழற்சியில் இருக்கையில், எதிர்த்திருப்பத்தோடு காலையும் சட்டென எடுத்துவிட்டால் பிடிப்பு மெல்ல மீளாது, அறைந்தாற்போல் மீளும். கை வலப்புறம், கால் மேலே, பிடிப்பு முழுமை: மூன்றும் கூடியபின் வண்டியைத் தடுப்பது எதுவுமில்லை.

காலத்தாழ்வின் தீமையைக் கணக்காகவும் காட்டலாம். வால் ஒரு பக்கம் வீசி மறுபக்கம் போய்த் திரும்பும் ஒரு முழு ஆட்டத்திற்கு இரண்டு நொடி என்க. அதில் அரை நொடி கால்பங்கு. ஓட்டுநர் கண்ட கோணத்திற்கு அரை நொடி தாழ்ந்து கை திருப்பினால், அவர் தரும் ஒவ்வொரு திருத்தமும் வண்டி எப்பக்கம் விரைகிறதோ அப்பக்கமே தள்ளும். தூரியை ஆட்டுவோர் அதன் விரைவோடு இசைந்து தள்ளி உயரம் கூட்டுவதுபோல், அவர் தம் கையாலேயே சறுக்கலை வளர்க்கிறார். முதல் வீச்சு 20 பாகை, அடுத்தது 35, அதற்கடுத்தது முழுச்சுழற்சி என ஆட்டம் பெருகும் இயல்பு இதுவே. திருத்தத்தின் திசை பிழையன்று, அளவும்கூடப் பெரும்பிழையன்று, அது வந்து சேர்ந்த நேரமே பிழை.

விளையாட்டு மகிழுந்தின் தனியியல்பு

பழைய அம்பாசிடரும் வால் வீசும். ஆயினும் அது ஓட்டுநருக்குக் காலம் கொடுத்தது. விளையாட்டு மகிழுந்து கொடுப்பதில்லை. கொடுமுடிக் காவிரியிலிருந்து பழனிக்குத் தீர்த்தக்காவடி சுமந்து செல்வோரை நோக்குக. தண்டின் இரு முனையிலும் குடங்கள் தொங்கினால் சட்டெனத் திரும்ப இயலாது. திரும்பத் தொடங்கியபின் சட்டென நிற்கவும் இயலாது. குடங்களைத் தோளை ஒட்டி நகர்த்திக் கட்டினால் இரண்டும் எளிது. எடையின் அளவு மாறவில்லை. எடை இருக்கும் இடம் மாறியது. இயற்பியலார் இதனை நிலைமத் திருப்புத்திறன் என்பர்.

பொறியை ஓட்டுநருக்கும் பின்அச்சுக்கும் இடையே வைத்த வண்டி, குடத்தைத் தோளருகே கட்டிய காவடி. திரும்புவதிலும் விரைவு, சுழல்வதிலும் விரைவு. பொறியைப் பின் அச்சுக்கும் அப்பால் தொங்கவிட்ட போர்ஷே 911 போன்ற வண்டியோ, ஒரு முனையில் மட்டும் பெருங்குடம் தொங்கும் காவடி. அதன் வால் எளிதில் அசையாது. அசைந்தபின் எளிதில் நிற்காது. 1970களின் நடுவில் வந்த அதன் டர்போ வகை இதனாலேயே அச்சம் தரும் பெயர் பெற்றது. முடுக்குமிதியை அழுத்திச் சற்றுத் தாழ்ந்தே பொறியின் ஆற்றல் வெள்ளமெனப் பாயும். அஞ்சிக் காலை எடுத்தால் பின்னெடை வெளியே வீசும். பந்தயத்திற்கென அகலமாகவும் விறைப்பாகவும் செய்த டயர்களும் தம் பங்குக்கு இடர் சேர்க்கும். அவற்றின் உச்சப் பிடிப்பு பெரிது. ஆனால் உச்சத்திற்கும் சரிவுக்கும் இடைப்பட்ட வெளி குறுகியது.

மீட்பின் முறை

நோயின் முதல் அறிந்தபின் மருந்து தெளிவாகிறது.

கண் முதலில் செல்ல வேண்டும். மோத அஞ்சும் மரத்தை நோக்கினால் கையும் அம்மரத்தையே நாடும். செல்ல விரும்பும் வழியையே நோக்க வேண்டும்.

கை, திசைமாற்றியை இறுகப் பற்றி மல்லுக்கட்டலாகாது. முன்சக்கரங்கள் திரும்பும் அச்சு சற்றுப் பின்சாய்வாக அமைக்கப்பட்டிருப்பதால், அவை வண்டி செல்லும் திசைக்குத் தாமே திரும்பும் இயல்புடையவை. சறுக்கு ஓட்டத்தில் தேர்ந்தவர்கள் வளையத்தைக் கைக்குள் ஓட விட்டு, வேண்டிய இடத்தில் பற்றுவர். சக்கரம் அறிந்த திசையைக் கை மறுக்காதிருந்தாலே பாதி வேலை முடிந்தது.

கால், முடுக்குமிதியிலிருந்து தாவிக் குதிக்கலாகாது. ஆற்றல் மிகுந்து வால் வீசினால் மெல்லத் தளர்த்த வேண்டும். காலை எடுத்ததனால் வீசினால், மிகச் சிறிதே முடுக்கி எடையைப் பின்னுக்குக் கொணர வேண்டும். எவ்வகையாயினும் திடீர் மாற்றம் கூடாது.

இவை யாவற்றினும் தலையாயது, கொடுத்த திருப்பத்தைத் திரும்பப் பெறுதல். வண்டி நேராகும் வரை காத்திருந்து திசைமாற்றியை நேராக்குவது காலம் கடந்த செயல். வால் வீச்சு நின்று, உள்நோக்கித் திரும்பத் தொடங்கும் முதல் அசைவிலேயே கையும் திரும்பத் தொடங்க வேண்டும். முகப்பு நேராகும் அதே நொடியில் முன்சக்கரமும் நேராக வந்து சேர வேண்டும். வண்டி இருக்கும் நிலைக்கு அன்று, அது அடுத்து அடையப்போகும் நிலைக்கே கை விடை கூற வேண்டும். எதிர்த்திருப்பம் ஒரு செயல் அன்று. கொடுத்தலும் பெறுதலுமாகிய இரு செயல். முதலாவதை ஒருநாளில் கற்கலாம். இரண்டாவது, நூறு முறை சறுக்கிப் பழகினாலன்றிக் கைவராது.

அனைத்தும் கைமீறி வண்டி சுழலத் தொடங்கிவிட்டால், கிளட்ச்சையும் தடைமிதியையும் முழுதும் மிதித்து, திருத்த முயல்வதை விட்டுவிடுவதே அறிவுடைமை. பூட்டிய சக்கரங்களோடு சறுக்கும் வண்டி பெரும்பாலும் தான் சென்ற திசையிலேயே சென்று நிற்கும். அரைகுறையாகப் பிடிப்புப் பெற்று எதிர்ப்பக்கம் பாய்வதினும் அது நன்று.

இப்பணியை எந்திரத்திடம் ஒப்படைக்கும் வழியும் உண்டு. 1995இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, மெர்சிடிஸ் மகிழுந்தில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. வண்டியின் சுழற்சியையும் ஓட்டுநரின் கைத்திருப்பத்தையும் ஓயாமல் ஒப்பிடும் கருவி அது. வால் வீசத் தொடங்கினால், வளைவின் வெளிப்புற முன்சக்கரத்தை மட்டும் தடுத்துப் பிடித்து எதிர்ச்சுழற்சியை உண்டாக்கும். நான்கு சக்கரங்களைத் தனித்தனியே தடுக்க மனிதரிடம் நான்கு கால்கள் இல்லை. அரை நொடித் தாழ்வும் அக்கருவிக்கு இல்லை. ஆயினும் அதுவும் உராய்வு வட்டத்துக்கு உட்பட்டதே. இல்லாத பிடிப்பை அதனால் படைக்க இயலாது. விளையாட்டு மகிழுந்து வைத்திருப்போர் பலர் முதலில் தேடுவது, அக்கருவியை அணைக்கும் பொத்தானை என்பது வருந்தத்தக்கது.

இளைஞர்க்கு ஒரு சொல்

அவிநாசிச் சாலையின் நள்ளிரவும் வால்பாறை மலையின் விடியலும் சறுக்கிப் பழகுவதற்குரிய பள்ளிகள் அல்ல. அங்கே இரண்டாம் சறுக்கல் போய்ச் சேரும் இடத்தில் பால் வண்டி வரும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நடந்து வருவர். பழக விரும்புவோர் பந்தயத் தடத்திற்குச் செல்லுங்கள். ஈரத் தரையில், குறைந்த விரைவில், தேர்ந்த பயிற்றுநர் அருகிருக்கச் சறுக்கிப் பாருங்கள். டயரின் காற்றழுத்தத்தையும் அகவையையும் முதலில் பாருங்கள். கோடைக்குப் பின் பெய்யும் முதல் மழை, தரையில் படிந்த எண்ணெயையும் புழுதியையும் குழைத்துச் சாலையை வழுக்குப் பாறையாக்கும். அன்று வண்டியைக் கொட்டகையிலேயே விட்டுவிடுங்கள்.

குடும்ப மகிழுந்தின் பொறியை எடுத்துப் பந்தய வண்டி செய்த ஒருவர் பெயரால், நம் ஊரிலேயே ஒரு தடம் இருக்கிறது. செட்டிபாளையத்தில் வண்டி சுழன்று நின்றால் மிஞ்சுவது புழுதியும் சிறிது நாணமும். பொதுச்சாலையில் சுழன்றால் மிஞ்சுவது வேறு.